முழங்கால் மூட்டுத் தேய்மானமும் இதய நலமும்

முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்பது குருத்தெலும்பு, அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டு உறை, சுற்றியுள்ள தசைகள் ஆகியவற்றை ஒருசேரத் தாக்கும் நாட்பட்ட நோய். உடற்பருமன், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை உள்ளவர்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

காரணங்கள்

முக்கியக் காரணங்களுள் ஒன்று உடல் எடை. ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எனினும் சுமை மட்டுமே காரணமன்று; எடையைத் தாங்காத கைவிரல் மூட்டுகளும் பருமனானவர்களுக்குக் கூடுதலாகத் தேய்கின்றன. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் போன்ற பொருள்கள் தூண்டும் அழற்சி, குருத்தெலும்பு, இரத்தக்குழாய் இரண்டையும் பாதிக்கிறது.

வலி வந்ததும் நடை குறைகிறது. நடை குறைந்தால் எடையும் சர்க்கரையும் ஏறுகின்றன. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்கினால் இரத்த அழுத்தம் உயரலாம், சிறுநீரகம் கெடலாம், மாரடைப்பு அபாயமும் கூடும். ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரை இதய அபாயத்தால் 2004இல் திரும்பப் பெறப்பட்டது.

கோட்டக்குப்பம் வட்டாரம்

விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம், புதுச்சேரியை ஒட்டிய கடலோர ஊர். மூட்டுத் தேய்மானத்தோடு சேர்ந்து காணப்படும் சர்க்கரை நோயின் அளவை இவ்வூரின் இருபுறமும் பார்க்கலாம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து 2023இல் வெளியான ஆய்வின்படி, வயதுவந்தோரில் சர்க்கரை நோய் தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு, புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. இஸ்லாமியர் பெருமளவில் வாழும் இவ்வூரில் முழங்கால் நோயின் தொல்லை தொழுகையிலும் தெரியும்: முழங்காலை மடக்கி சஜ்தா (நெற்றி தரையில் படப் பணிதல்) செய்ய இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருவதால், மூட்டையும் இதயத்தையும் ஒன்றாகக் கவனிக்க இத்திட்டம் வழிசெய்கிறது.

சிகிச்சை

எடைக் குறைப்பும் உடற்பயிற்சியுமே சிகிச்சையின் அடிப்படை. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, சில நொடிகள் நிறுத்தி, மெல்ல இறக்கும் பயிற்சி தொடைத் தசையை வலுவாக்கும். பருமனோடு முழங்கால் வலியும் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பு மருந்தான செமாக்ளூடைடு ஊசி எடை, வலி இரண்டையும் குறைத்ததை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது.

முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் செல்பவர், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றையும் அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். மாரடைப்பைத் தவிர்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அது.