ஜோங்கர் தெருவும் சீனர் குன்றும் சொல்லும் பாடம்

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ் பகுதிகளிலிருந்து மலாக்கா நகருக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் ஜோங்கர் தெருவை வார இறுதி இரவுச் சந்தையாகவே அறிந்திருக்கிறார்கள். அந்தச் சந்தை 2000-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. தெருவின் வரலாறோ டச்சுக்காரர் காலத்துக்குச் செல்கிறது.

1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் ஆற்றின் ஒரு கரையில் கோட்டையில் இருந்து ஆண்டனர். மறுகரையில் வணிகர்கள் வாழ்ந்தனர். சீனர்களுக்குக் 'கப்பித்தான்' என்னும் தலைவர் இருந்தார். அருகிலுள்ள ஹீரன் தெருவில் பிற்காலத்தில் பாபா நோன்யா செல்வந்தர்கள் குடியேறினர். 1949-இல் மலேசிய சீனர் சங்கத்தின் முதல் தலைவரான துன் டான் செங் லோக் 1883-இல் பிறந்ததும் அங்கேதான். இன்று அத்தெரு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சற்றுத் தள்ளி 17-ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீன ஆலயம், 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், டச்சு அரசு மலாக்கா செட்டிகளுக்கு வழங்கிய நிலத்தில் 1781-இல் அமைந்த பொய்யாத விநாயகர் ஆலயம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன.

1685-இல் கப்பித்தான் லீ வெய் கிங் புக்கிட் சீனா குன்றை வாங்கி, இடுகாடாகப் பயன்பட ஆலயத்துக்கு வழங்கினார். 12,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்குள்ளன. 1984-இல் அக்குன்றை மேம்பாட்டுக்கு எடுக்கும் திட்டம் வந்தபோது சீன சமூகம் ஒன்றுதிரண்டு எதிர்த்தது. குன்று காப்பாற்றப்பட்டது.

ஆனால், தெருவில் வாழ்ந்தவர்களின் நிலை என்ன? பழைய கடைவீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, அவகாசமும் 1999 இறுதியில் முடிந்தது. வாடகை உயர்ந்தது. தலைமுறைகளாகத் தொழில் செய்த பலர் வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தபோது, கட்டடங்கள் இருந்தன. பழைய குடிகள் பலர் இல்லை.

பொதுச் சொத்தாக எழுதி வைக்கப்பட்ட குன்று நிலைத்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கையில் எந்தப் பத்திரமும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, லயன் வீடுகளை விட்டு வெறுங்கையோடு வெளியேறிய நம்மவர்களுக்கு இது புதிய கதையல்ல. ஒரு சமூகத்தின் வரலாறு நிலைக்க வேண்டுமானால், அதன் காலடி நிலம் அச்சமூகத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்பதே ஜோங்கர் தெரு கற்றுத் தரும் பாடம்.