பொது இல்லம் பொதுவானது எப்போது?

இங்கிலாந்து நாட்டிலே, வூஸ்டர்ஷயர் வட்டாரத்திலே, பிரெட்ஃபோர்டன் என்றொரு சிற்றூர். அங்கே 'ஃபிளீஸ் இன்' என்றொரு விடுதி. 15ஆம் நூற்றாண்டில் பண்ணை வீடாக எழுந்து, 1848இல் மதுவிடுதியாக மாறிய கட்டடம் அது. மரச்சட்டங்கள் தாங்கும் தாழ்ந்த கூரை. கட்டைகள் கனன்றெரியும் கணப்பு. பல தலைமுறைகள் கைபட்டு மெருகேறிய மேசைகள். ஏப்ரல் இறுதியிலிருந்து வேனில் நடுப்பகுதி வரை ஈவ்ஷாம் பள்ளத்தாக்கின் மண் தருகின்ற ஆஸ்பரகஸ் இளந்தண்டுகளை வெண்ணெயில் தோய்த்து உண்பதற்காக, நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் அவ்வூருக்கு வருகின்றனர். அந்தத் தண்டுகளை ஏலம் விடும் விழாவும் அவ்விடுதியிலே நடைபெற்று வந்திருக்கிறது.

இத்தகைய விடுதிகள் அந்நாட்டுச் சிற்றூர்களில் ஏராளம். அன்றன்று கிடைப்பதைக் கரும்பலகையில் எழுதி வைப்பர். வேனிலில் நண்டும் பசும்பட்டாணியும். இலையுதிர் காலத்தில் கவுதாரியும் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழியும். குளிர் காலத்தில் மான் இறைச்சியும் முயற்கறியும். "இதுதான் எங்கள் மண்ணின் மரபு; எங்கள் பாட்டனும் பூட்டனும் இப்படித்தான் உண்டார்கள்" என்று பெருமையோடு கூறுவோர் உண்டு.

மரபு! இந்தச் சொல்லைக் கேட்டதும் கைகூப்புவது பக்தன் வேலை. யாருடைய மரபு, எந்தப் பாட்டன் உண்டான், எந்தப் பாட்டன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்பது பகுத்தறிவாளன் வேலை. 'பப்' என்று நாவில் சுருங்கிவிட்ட சொல்லின் முழு வடிவம் 'பப்ளிக் ஹவுஸ்'. பொது இல்லம் என்று பொருள். பெயர் பொது, பந்தி பொதுவாக இருந்ததா? கரும்பலகையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் கேட்போம்.

முதலில் முயலைக் கேட்போம். 1381இல் இங்கிலாந்தின் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியே ஆட்டம் கண்டது. கிளர்ச்சி அடக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1390இல், ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் நிலம் இல்லாத எவனும் வேட்டை நாய் வளர்க்கக் கூடாது. வலை வைத்திருக்கக் கூடாது. காரணம் என்ன கூறினார்கள் தெரியுமா? நல்ல கிறிஸ்தவர்கள் கோயிலில் வழிபாட்டில் இருக்கும் திருநாட்களில், கூலியாட்கள் வேட்டைக்குப் போகிறார்களாம். வேட்டை என்ற பெயரில் கூடிச் சதி பேசுகிறார்களாம்! அச்சம் முயலைப் பற்றியதன்று. ஏழைகள் ஓரிடத்தில் கூடுவதைப் பற்றியது. அந்த அச்சத்திற்குப் பக்திப் போர்வை போர்த்தப்பட்டது.

1671இல் வேலி இன்னும் உயர்ந்தது. ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் சொந்த நிலம் உடையவனுக்கே பெரிதும் வேட்டை உரிமை என்றாயிற்று. அந்நாளில் மாவட்டப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமைக்கு 40 ஷில்லிங் நிலம் போதும். 100 பவுன் என்பது 2,000 ஷில்லிங். கணக்குப் பாருங்கள்: நாட்டை ஆளும் மன்றத்திற்கு ஆள் அனுப்புவதற்குத் தேவையான சொத்தைப்போல் 50 மடங்கு சொத்து இருந்தால்தான், ஒரு கவுதாரியைச் சுட முடியும்! குத்தகை உழவனின் பயிரை முயல் மேயும். அவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

விடுதிக்காரன் நிலை என்ன? 1707ஆம் ஆண்டுச் சட்டம் அவனையும் பெயர் சொல்லிச் சுட்டிற்று. விடுதியிலே ஒரு முயலோ கவுதாரியோ காட்டுக்கோழியோ இருக்கக் கண்டால், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பவுன் தண்டம். 1755இல் அவற்றை எவரும் விற்கவே கூடாது என்றாயிற்று. ஆக, இன்று "எங்கள் மரபு" என்று கரும்பலகையில் மின்னுகிற அந்த உணவுகள், ஒரு காலத்தில் அந்த விடுதியின் சமையற்கட்டில் இருந்தாலே குற்றம்! தடையை மீறி வணிகம் நடந்தது. கள்ளத்தனமாகப் பிடித்தவை குதிரை வண்டிகளில் நகரங்களுக்குப் போயின. செல்வர் வீட்டு விருந்துகளில் பரிமாறப்பட்டன. உண்டவன் மாட்டிக்கொள்ளவில்லை. பிடித்தவன் மாட்டிக்கொண்டான். 1723இல் வந்த 'கறுப்புச் சட்டம்', முகத்தில் கரி பூசி மான் வேட்டையாடுவதையும் தூக்குத் தண்டனைக்குரிய குற்றங்களில் ஒன்றாக்கியது. 1816ஆம் ஆண்டுச் சட்டம், இரவு வேட்டைக்கு ஏழாண்டு நாடு கடத்தல் என்றது. பசித்த பிள்ளைக்கு ஒரு முயல் பிடிக்கப் போனவன், ஆஸ்திரேலியக் கரையில் கைதியாக இறங்கினான்.

இதே காலத்தில் பொது நிலங்களும் பறிபோயின. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியிடும் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் அடைக்கப்பட்டது. மாடு மேய்த்த புல்வெளி போயிற்று. விறகு பொறுக்கிய காடு போயிற்று. ரொட்டியும் உருளைக்கிழங்கும், கிடைத்தால் ஒரு துண்டுப் பன்றிக் கொழுப்பும், கடுந்தேநீரும் — இதுவே கூலியுழவனின் பருவகால உணவு. அவனுக்கு எல்லாப் பருவமும் ஒரே பருவம்.

1831இல்தான் சொத்துத் தகுதி ஒழிந்தது. உரிமம் பெற்றோர் வேட்டை இறைச்சியை விற்கலாம் என்றாயிற்று. கவுதாரி செப்டம்பர் முதல் நாளில், காட்டுக்கோழி அக்டோபர் முதல் நாளில் என்று இன்றைய விடுதிகள் போற்றுகிற வேட்டைப் பருவக் கணக்கும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆயினும், தன் பயிரைத் தின்னும் முயலைக் கொல்லும் உரிமையைக் குத்தகையாளன் பறிக்கமுடியாத உரிமையாகப் பெற 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்து, மேசையைக் கேட்போம். 1830இல் ஒரு புதிய சட்டம், வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டணத்தில் பீர் விற்க வழிசெய்தது. சிற்றூர்தோறும் சிறு கடைகள் முளைத்தன. அதே ஆண்டில் கென்ட் வட்டாரத்தில் தொடங்கி, தென்னிங்கிலாந்தெங்கும் கூலியுழவர் கிளர்ச்சி மூண்டது. கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தனர். கூலி உயர்வு கேட்டனர். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். 480 பேருக்கு மேல் நாடு கடத்தப்பட்டனர். பஞ்சமும் குறைகூலியுமே காரணம் என்று ஒப்புவதற்கு மனமில்லாத நிலப்பிரபுக்களும் பாதிரிகளும், பழியைப் பீர்க் கடைகள் மீது சுமத்தினர். குடியையும் குறை கூறினர். அதைவிட, ஏழைகள் அங்கே அமர்ந்து பேசுகிறார்களே என்பதுதான் நெஞ்சை உறுத்தியது. 1390இல் இருந்த அதே அச்சம், 440 ஆண்டுகள் கழித்தும் அழியவில்லை.

அச்சம் பொய்க்கவுமில்லை! 1872 பிப்ரவரி 7ஆம் நாள், வார்விக்ஷயரில் வெல்ஸ்போர்ன் என்னும் ஊரில், 'ஸ்டாக்ஸ் ஹெட்' என்னும் விடுதியில் கூலியுழவர் கூட்டம் ஒன்று ஏற்பாடாயிற்று. பேச வந்தவர் வேலி வெட்டும் தொழிலாளி ஜோசப் ஆர்ச். எதிர்பார்த்ததோ சிலர், திரண்டதோ ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். விடுதி கொள்ளவில்லை. எதிரே இருந்த மரத்தடியில், ஒரு முக்காலி மீது ஏறி நின்று, விளக்கொளியில் ஆர்ச் பேசினார். அந்த ஆண்டிலேயே தேசிய வேளாண் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1885இல் அந்த வேலி வெட்டுபவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். விடுதியின் உண்மையான மரபு எது என்று கேட்டால், கணப்பருகே உறங்கும் நாயையன்று, இந்த மரத்தடியைக் காட்டுவேன்.

இனிப் பழமையின் முகமூடியைச் சற்று விலக்குவோம். 'பிளவ்மென்ஸ் லஞ்ச்' — ஏருழவன் பகலுணவு — என்ற பெயரில் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், வெங்காயம் அடங்கிய தட்டு ஒன்று விடுதிகளில் புகழ்பெற்றது. உழவர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றது உண்மை. ஆனால், போர்க்காலப் பங்கீடு 1954இல் முடிந்தபின், பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்குவதற்காக வணிக அமைப்புகள் விளம்பரம் செய்து பரப்பிய பெயரும் தட்டும் அவை. ஏரைத் தொட்டறியாத விளம்பரக்காரன், ஏருழவன் பெயரால் விருந்து படைத்தான்! வேறோரிடத்தில் வேதத்தின் பெயரால் நடப்பது, இங்கே வெண்ணெயின் பெயரால் நடந்தது. "தொன்றுதொட்டு" என்ற சொல்லுக்குப் பின்னால் தேதி கேளுங்கள். பல வேளைகளில் விலைச்சீட்டு அகப்படும்.

இறுதியாக, கதவைக் கேட்போம். பல விடுதிகளில் இரண்டு அறைகள். உழைப்பவனுக்கு வெறுந்தரையும் மரப்பலகையும் கொண்ட 'பப்ளிக் பார்'. கனவானுக்குக் கம்பளமும் மெத்தை இருக்கையும் கொண்ட 'சலூன் பார்'. பீர் ஒன்றே, விலையும் மதிப்பும் வேறு. வகுப்புக்கு ஒரு சுவர் என்றால், நிறத்திற்கு இன்னொரு சுவர். 1943இல் லங்காஷயரின் பாம்பர் பிரிட்ஜ் ஊரில் அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய்கள் தங்கியிருந்தனர். விடுதிகளில் நிறப்பாகுபாடு வேண்டும் என்று அமெரிக்க அதிகாரிகள் கேட்டனர். ஊரின் மூன்று விடுதிகளும் பலகை மாட்டின — "கறுப்பினப் படையினருக்கு மட்டும்" என்று! அந்த ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, கூரை வேய்ந்த பழைய விடுதி ஒன்றில் இராணுவக் காவலர் தொடங்கிய தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. வில்லியம் கிராஸ்லாண்ட் என்னும் கறுப்பினச் சிப்பாய் உயிரிழந்தார். சாதிப் பெயரால் தனியிடம் ஒதுக்கிய பலகைகளை, இதே ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த நம் இரயில்வே உணவுச்சாலைகளில் 1941 வரை கண்டவர்கள் நாம். பலகையின் கொடுமையை நாம் அறிவோம். பலகையைத் திருப்பி மாட்டிய அந்தச் சிற்றூராரின் பெருமையையும் அறிவோம்.

ஆனால், ஓர் ஊரின் நல்லுள்ளம் ஒரு நாட்டின் சட்டமாகிவிடாது. 1960களிலும், ஸ்மெத்விக் போன்ற தொழில் நகரங்களில் இந்தியரும் கறுப்பினத்தவரும் விடுதிகளின் சில அறைகளில் நுழைய முடியவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கம் போராடியது. 1965 பிப்ரவரி 12ஆம் நாள் மால்கம் எக்ஸ் அங்கு வந்து நிலைமையை நேரில் கண்டார். அந்த ஆண்டு நவம்பரில்தான் பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு மறுக்கப்பட்ட சமவுரிமைக்கோ 1975ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதற்குப் பிறகும், முகப்பு மேடையில் நின்று அருந்தும் உரிமைக்காக இரு பெண்கள் 1982இல் மேல்முறையீட்டு மன்றம் வரை வழக்காட நேர்ந்தது.

ஆக, 'பொது இல்லம்' பொதுவானது மரபால் அன்று; மரபை எதிர்த்தவர்களால்! இன்று அங்கே கிடைக்கும் நல்ல உணவுக்கும் அப்படிப்பட்டவர்களின் பங்கு உண்டு. நாட்டின் உணவு தரங்கெட்டுக் கிடந்தபோது, உண்போரே எழுதியனுப்பும் குறிப்புகளைக் கொண்டு 1951இல் 'குட் ஃபுட் கைடு' என்னும் வழிகாட்டியைத் தொடங்கிய ரேமண்ட் போஸ்ட்கேட், சமதர்மவாதி. தொழிலாளர் வரலாறு எழுதியவர். நல்ல சோறு கனவானின் தனிச்சொத்தன்று என்பது அவர் கட்சி.

போராட்டம் முடிந்ததா? கரும்பலகையில் பண்ணையின் பெயர் இருக்கிறது. ஆஸ்பரகஸை அறுத்த கையின் பெயர் இல்லை. கிழக்கு ஐரோப்பியரும், 2019இல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் அனுமதித் திட்டத்தின்கீழ் மத்திய ஆசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்களும், அந்நாட்டு வயல்களில் குனிந்து நிற்கின்றனர். அவர்கள் அந்த மேசையில் அமரும் நாளே, அடுத்த அத்தியாயம் எழுதப்படும் நாள். அதற்கு வழிகாட்டும் விளக்கொன்றும் உண்டு. கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் 'ஓல்டு கிரௌன்' விடுதியை 2003இல் ஊராரும் நண்பர்களும் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினர். பண்ணையாரும் இல்லை, பெருநிறுவனமும் இல்லை; பங்குதாரரே உரிமையாளர்.

பிரெட்ஃபோர்டன் விடுதியில் இன்னொன்றையும் காணலாம். கணப்பின் முன்தரையில் வெள்ளை வட்டங்கள். புகைபோக்கி வழியே சூனியக்காரி இறங்கிவிடாமல் தடுப்பதற்காகத் தீட்டியவையாம்! இன்று எவரும் சூனியக்காரிக்கு அஞ்சவில்லை. வட்டம் வேடிக்கைப் பொருளாக இருக்கிறது. ஆஸ்பரகஸோ ஆண்டுதோறும் முளைக்கிறது. மண் தருவதை உண்போம். அச்சம் தீட்டியதை அருங்காட்சியகத்தில் வைப்போம். பழையது என்பதற்காக எதையும் வணங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்போம் — இந்தப் பந்தியில் எல்லோருக்கும் இடம் உண்டா?