வயிற்றறை உறை

வயிற்றறை உறை அல்லது பெரிட்டோனியம் என்பது வயிற்றறையின் உட்சுவரையும் அதிலுள்ள பெரும்பாலான உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு ஆகும். வளர்ந்தவர்களில் இதன் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். இது உடல் தோலின் பரப்புக்கு ஏறத்தாழ இணையானது. இச்சவ்வைப் பற்றி ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் சேம்சு டக்ளசு 1730 ஆம் ஆண்டு விரிவான நூலொன்றை வெளியிட்டார்.

அமைப்பு

வயிற்றுச் சுவரை ஒட்டிய பகுதி சுவர்ப்படலம் எனவும், உறுப்புகளை ஒட்டிய பகுதி உள்ளுறுப்புப்படலம் எனவும் அழைக்கப்படுகின்றன. இவை தனித்தனிச் சவ்வுகள் அல்ல; ஒரே சவ்வின் தொடர்ச்சியாகும். இவற்றுக்கு இடைப்பட்ட குறுகிய வெளி உறைக்குழி எனப்படும். குடல் முதலியவை இக்குழிக்குள் கிடப்பதுபோல் தோன்றினாலும், அவை சவ்வால் போர்த்தப்பட்டுக் குழிக்கு வெளியிலேயே உள்ளன. குழியில் இயல்பாக இருப்பது, உறுப்புகள் உராயாமல் வழுக்கிச் செல்ல உதவும் சிறிதளவு நீர்மம் மட்டுமே. ஆண்களில் இக்குழி முற்றிலும் மூடியது. பெண்களில் கருக்குழாய்கள், கருப்பை ஆகியவற்றின் வழியே உடலின் வெளிப்புறத்துடன் தொடர்புடையது.

உறுப்புகளின் அமைவிடம்

இரைப்பை, சிறுகுடலின் பெரும்பகுதி, குறுக்குப் பெருங்குடல் ஆகியவை சவ்வால் ஏறத்தாழ முழுமையாகச் சூழப்பட்டுள்ளன. சிறுகுடலைப் பின்சுவருடன் இணைக்கும் மடிப்பு நடுமடிப்பு ஆகும். குடலுக்கான குருதிக்குழாய்களும் நரம்புகளும் இதன் வழியே செல்கின்றன. சிறுநீரகங்கள், கணையத்தின் பெரும்பகுதி, முன்சிறுகுடலின் பெரும்பகுதி ஆகியவை சவ்வுக்குப் பின்னால் உள்ளன. எனவே உறைக்குழியைத் திறக்காமலேயே முதுகுப்புறமாகச் சிறுநீரகத்தில் அறுவை மருத்துவம் செய்ய இயலும்.

மருத்துவ முக்கியத்துவம்

உள்ளுறுப்புப்படலம் வெட்டு, சூடு ஆகியவற்றை உணர்வதில்லை. முதன்மையாக இழுவிசையையும் விரிவையும், அதுவும் இடம் தெளிவின்றி, உணர்த்தும். சுவர்ப்படலமோ வலியின் இடத்தைத் துல்லியமாக உணர்த்தும். குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, அழற்சி சுவர்ப்படலத்தை எட்டியபின் வலது அடிவயிற்றுக்கு மாறுவது இதனாலேயே. குடல்வால் வெடித்தால் கிருமிகள் உறைக்குழி முழுவதும் பரவக்கூடும். வயிற்றறை உறையழற்சி எனப்படும் இந்நிலை உயிருக்கு ஆபத்தானது. உடனடி மருத்துவம் தேவை.

மல்லாந்து படுத்திருப்பவரின் உறைக்குழியில் கசியும் குருதி, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் தேங்கும். விபத்தில் சிக்கியவர்களுக்கு மீயொலிச் சோதனை செய்யும்போது இவ்விடம் முதன்மையாகப் பார்க்கப்படுகிறது.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இச்சவ்வே வடிகட்டியாகவும் பயன்படுகிறது. குழாய் மூலம் உறைக்குழிக்குள் செலுத்தப்படும் கரைசலுக்குள், சவ்விலுள்ள நுண்குருதிக்குழாய்களிலிருந்து கழிவுகள் பரவுகின்றன. கரைசலிலுள்ள குளுக்கோசு உடலில் மிகுந்துள்ள நீரை ஈர்க்கிறது. சில மணி நேரத்துக்குப் பின் கரைசல் வெளியேற்றப்படும். இம்முறை பெரிட்டோனியல் டயாலிசிசு எனப்படுகிறது. பயிற்சி பெற்ற நோயாளிகள் இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.