பாங்காக் செல்லும் குடும்பங்களுக்கு: தங்குமிடம், தொழுகை, உணவு, பார்க்க வேண்டியவை

“பிள்ளைகளோடு பாங்காக் போகலாமா ஹஜ்ரத்?” விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நகரத்தின் பெயரைச் சொன்னாலே இரவுக் கேளிக்கைகள்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. போய் வந்தவர்களில் சிலரோ, நாலு நாளும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டதையும், லுஹரும் அஸரும் களாவாகி இரவு அறைக்கு வந்து தொழுததையும் சொல்கிறார்கள்.

இவை இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நாம் பாங்காக்கைச் சுற்றுலா விளம்பரங்களின் வழியாக மட்டுமே அறிந்திருக்கிறோம். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருப்பதும், பல தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் மஹல்லாக்கள் இருப்பதும் டிராவல்ஸ்காரர் தரும் பயணத் திட்டத்தில் வருவதில்லை. ஹோட்டலை அந்த மஹல்லாக்களில் ஒன்றின் பக்கத்தில் எடுத்துவிட்டால் உணவு, தொழுகை, பாதுகாப்பு ஆகிய மூன்றும் பெருமளவு தாமாகவே சரியாகிவிடும். இந்தக் கட்டுரையில் நாம் முதன்மையாகச் சொல்ல வருவது இதைத்தான்.

எங்கே தங்குவது?

குடும்பத்துக்கு நாம் முதலில் சொல்லும் பகுதி ராட்சதேவி. பெட்சபுரி சாலையின் ஏழாம் சந்தில் (சந்துக்கு அங்கே ‘சோய்’ என்று பெயர்) தாருல் அமான் பள்ளிவாசல் இருக்கிறது. அந்தச் சந்திலேயே ஹலால் உணவுக் கடைகள் உண்டு. பி.டி.எஸ். என்ற மேம்பால ரயிலின் ராட்சதேவி நிலையம் நடக்கும் தூரம். அடுத்த நிலையமான பயா தாயிலிருந்து சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு நேரடி ரயில் இருக்கிறது. பெரிய வணிக வளாகங்கள் இருக்கும் சியாம் பகுதிக்கும் நடந்தே போய்விடலாம்.

இரண்டாவது பகுதி ஆற்றங்கரையை ஒட்டிய பாங் ராக். பிரெஞ்சுத் தூதரகத்துக்கும் பழைய சுங்க மாளிகைக்கும் அருகில் ஹாரூன் பள்ளிவாசல் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்த அரபு வம்சாவளி வணிகக் குடும்பம் தொடங்கிய பள்ளி அது. அங்கிருந்து சற்று உள்ளே, சிலோம் சாலையை ஒட்டிய பிரடிட் சந்தில் மீராசுத்தீன் பள்ளிவாசல். இந்த வட்டாரம் நமக்கு அந்நியமானதல்ல. காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களிலிருந்து மாணிக்க வியாபாரத்துக்காகச் சென்றவர்கள் தொழில் நடத்துவது இந்தப் பக்கத்தில்தான். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது தமிழ் காதில் விழுந்தால் வியப்படைய வேண்டாம். ஆனால் சிலோமின் மறுகோடியில் பாட்போங் என்ற இரவுச் சந்தை இருக்கிறது. ஹோட்டல் பதிவு செய்யும்போது வரைபடத்தைப் பார்த்து, ஆற்றுப் பக்கமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுகும்விட் மூன்றாம் சந்தைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அரபுத் தெரு என்றே அதற்குப் பெயர். ஹலால் உணவகங்களுக்குக் குறைவில்லை என்பது உண்மைதான். ஆனால் சாலையைக் கடந்தால் எதிர்ப்புறம் நகரத்தின் மோசமான கேளிக்கை விடுதிகள் இருக்கின்றன. ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரலாம். வயது வந்த பிள்ளைகளோடு அங்கே தங்குவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். முழுக்க ஹலால் முறையில் இயங்கும் ஹோட்டல்தான் வேண்டும் என்பவர்களுக்கு, இஸ்லாமிய மையமும் அதன் பெரிய பள்ளிவாசலும் உள்ள ராம்காம்ஹேங் பக்கம் அல் மெரோஸ் இருக்கிறது. அமைதியான இடம், நகரின் நடுப்பகுதிக்குத் தினமும் போய்வரும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள்.

தொழுகை

கிப்லா நம் ஊரைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். தாய்லாந்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர்; குத்பா பெரும்பாலும் தாய் மொழியில் இருக்கும்.

சியாம் பாரகன், எம்.பி.கே., சென்ட்ரல்வேர்ல்டு ஆகிய வணிக வளாகங்களிலும் விமான நிலையங்களிலும் தொழுகை அறைகள் உண்டு. கேட்க வேண்டிய சொல் ‘ஹோங் லமாட்’. பெண்களுக்குத் தனி இடம் இருக்கும். பல இடங்களில் தொழுகை அங்கியையும் வைத்திருப்பார்கள். பள்ளிவாசல்களிலும் பெண்கள் தொழ இடம் இருப்பது அங்கே வழக்கம். “நாங்கள் எங்கே தொழுவது?” என்ற கேள்வியோடு நம் சகோதரிகள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. இன்னொரு நிம்மதி: கழிப்பறைகளில் கையால் பிடித்து அழுத்தும் தண்ணீர்க் குழாய் எங்கும் இருக்கிறது. ஐரோப்பா போய்வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கஸ்ர் பற்றிக் குழப்பம் அதிகம். ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் விட்டுவிட்டு முழுதாக நான்கு நாட்கள் ஓர் ஊரில் தங்க நிய்யத் வைத்தால், அங்கே சேர்ந்தவுடன் பயணச் சலுகை முடிந்துவிடும். அதற்குக் குறைவாகத் தங்குபவர்கள் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவர் முஸாஃபிர்தான். அவர் சுருக்கித் தொழ வேண்டும், ஆனால் லுஹரையும் அஸரையும் ஒரே வக்தில் சேர்ப்பது அந்த மத்ஹபில் இல்லை. ஆகவே ஒரு வாரப் பயணத்தில், ஒரே குழுவில் போகும் காயல்பட்டினக் குடும்பம் நான்கு ரக்அத்தும் உத்தமபாளையக் குடும்பம் இரண்டு ரக்அத்தும் தொழ நேரலாம். இதை விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

உணவு

தாய்லாந்தின் மத்திய இஸ்லாமியக் கவுன்சில் ஹலால் சான்றிதழ் வழங்குகிறது. சாய்சதுரக் கட்டத்துக்குள் அரபியில் ‘ஹலால்’ என்று எழுதிய முத்திரை அது. கடைகளில் விற்கும் பாக்கெட் ரொட்டி, நூடுல்ஸ், தயிர் எனப் பலவற்றிலும் அதைப் பார்க்கலாம். ஒரே நிறுவனத்தின் ஒரு வகையில் முத்திரை இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒவ்வொன்றாகப் பார்த்தே எடுக்க வேண்டும். தெருவோர வண்டிகளில் பிறையும் நட்சத்திரமும் போட்ட பச்சைப் பலகை இருந்தால் ‘ஆஹான் இஸ்லாம்’, அதாவது முஸ்லிம் உணவு என்று பொருள்.

முத்திரையோ பலகையோ இல்லாத கடையில் “கோழிதானே, இறால்தானே” என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா என்பது ஒரு கேள்வி. இறாலே ஆனாலும் அதே சட்டியில் முன்பு வறுத்தது பன்றிக் கறியாக இருக்கலாம். பன்றிக் கொழுப்பிலும் சீன முறைச் சமையலில் மதுவிலும் தாளிப்பது அங்கே சாதாரணம். பன்றிக்கு ‘மூ’ என்று பெயர். ‘மாய் கின் மூ’ என்றால் ‘பன்றி சாப்பிட மாட்டோம்’. ஆண்கள் கடைசியில் ‘க்ராப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் சேர்த்துச் சொல்வது மரியாதை.

ஹலால் கடை கிடைத்தபின் ‘காவ் மோக் காய்’ கேளுங்கள். மஞ்சள் சோறும் கோழியும் சேர்ந்த, நம் பிரியாணியின் தாய்லாந்து உறவு. மேலே வறுத்த வெங்காயம், பக்கத்தில் புளிப்பும் காரமுமாக ஒரு பச்சைச் சட்னி. மஸ்ஸமான் கறியின் பெயரே ‘முஸல்மான்’ என்பதிலிருந்து வந்தது என்பர். பழைய நகரில் பிரா ஆதித் சாலையில், வெள்ளைக் கோட்டைக்கு எதிரே உள்ள ‘ரோட்டி மடாபா’ பல பத்தாண்டுகளாக நடக்கும் கடை. மடாபா என்பது நம் முர்தபாதான். காவோசான் சாலைக்கு அருகில், பட்டானியிலிருந்து வந்த பொற்கொல்லர்களின் மஹல்லாவான சக்ரபோங் பள்ளிவாசலும் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

ஒரு புதிய எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 2022இல் அந்நாட்டில் கஞ்சா மீதான தடை தளர்த்தப்பட்டு, 2025இல் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. இடைப்பட்ட காலத்தில் கஞ்சா கலந்த பிஸ்கட், மிட்டாய், பானங்கள் பெருகின. கை விரல்கள் போல் விரிந்த பச்சை இலைப் படம் இருந்தால் கடையானாலும் பாக்கெட்டானாலும் ஒதுங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் படத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள். மின்சிகரெட் அந்நாட்டில் சட்டவிரோதம். பெட்டியில் கொண்டுபோகவும் கூடாது.

பார்க்க வேண்டியவை

நகரத்தின் முதல் காட்சியை ஆற்றிலிருந்து பார்ப்பதே நல்லது. சாத்தோன் படகுத்துறையில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டிய பொதுப் படகில் ஏறினால், சுற்றுலாப் படகு கேட்பதில் ஒரு சிறு பங்குக்கு சாவோ பிரயா ஆறு முழுவதும் பார்த்துவிடலாம். வாட் அருண் கோபுரம், பெரிய அரண்மனை, பழைய கோட்டைகள் எல்லாம் இரு கரைகளிலும் வரும்.

1782இல் முதலாம் ராமா மன்னர் இங்கே தலைநகரை அமைத்தபோது கட்டத் தொடங்கியது பெரிய அரண்மனை. மரகத புத்தர் கோயில் அதே வளாகத்துக்குள் இருக்கிறது. பிற மதத்தவரின் வழிபாட்டுத் தலத்துக்குள் பார்வையாளராகப் போவது பற்றி மார்க்க அறிஞர்களிடம் ஒரே கருத்து இல்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். போகாமல் தவிர்ப்பவர்களுக்கு ஆற்றுக் காட்சியே போதும். போகிறவர்கள் வழிபாட்டுச் செயல் எதிலும் சேராமலும், அதே நேரம் ஏளனமாக ஒரு சொல் சொல்லாமலும் வர வேண்டும். சிலைகளை நோக்கிக் கால் நீட்டுவது, அவற்றின் முன் வேடிக்கையாகப் படம் எடுப்பது இரண்டுமே அந்த மக்களைப் புண்படுத்தும். தோளும் முழங்காலும் மறைய வேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் பெண்களுக்குப் பிரச்சினையே இல்லை. அரைக்கால் சட்டையோடு போகும் நம் வாலிபர்களைத்தான் வாசலில் நிறுத்துவார்கள்.

அரண்மனைக்கு அருகில், சனம் சாய் மெட்ரோ நிலையத்தை ஒட்டி மியூசியம் சியாம் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக் கற்கும் வகையில் அமைத்திருப்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். லும்பினி பூங்காவில் ஆளுயர உடும்புகள் ஏரிக்கரையில் உலாவுவதைக் காலையில் போனால் இலவசமாகப் பார்க்கலாம். பழைய பயண நூல்களில் வரும் துசிட் மிருகக்காட்சி சாலை 2018இலேயே மூடப்பட்டுவிட்டது.

நாம் குறிப்பாகப் பார்க்கச் சொல்வது இரண்டு இடங்களை. ஒன்று, பான் க்ருவா. கம்போடியப் பக்கத்திலிருந்து வந்து முதலாம் ராமா காலத்தில் குடியமர்ந்த சாம் முஸ்லிம்களின் மஹல்லா, சேன் சேப் கால்வாய்க் கரையில் இருக்கிறது. இவர்கள் பட்டு நெசவாளர்கள். தாய்ப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன், இவர்களிடம் நெய்து வாங்கி, கால்வாயின் எதிர்க்கரையிலேயே வீடு கட்டிக்கொண்டார். 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் அவர் காணாமல் போனார். வீடு இன்று அருங்காட்சியகம். சுற்றுலாப் பயணிகள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வருபவர்கள் குறைவு. குறுகிய சந்துகள், ஜாமிஉல் கைரிய்யா பள்ளிவாசல், கால்வாயில் நீரைக் கிழித்துப் போகும் படகுகள். விரைவுச் சாலைக்காக இந்த மஹல்லாவின் வழியே பாதை போடும் திட்டம் 1980களின் இறுதியில் வந்தபோது, ஊர் மக்கள் பல ஆண்டுகள் ஒன்றாக நின்று அதைத் தடுத்தார்கள். ஸலாம் சொல்லிக்கொண்டு நடந்தால் போதும், புன்னகையோடு பதில் வரும்.

மற்றொன்று, ஆற்றின் மறுகரையில் தோன்புரி. நகரத்தின் மிகப் பழைய பள்ளிவாசலான தோன் சோன் அங்கே இருக்கிறது. பாங்காக் தலைநகராகும் முன்பே, அயுத்தயா ஆட்சிக் காலத்தில் தோன்றியது. அதன் அருகில் கால்வாயின் மறுபுறம் பாங் லுவாங் பள்ளிவாசல். குப்பாவோ மினாராவோ இல்லை. வெள்ளைச் சுவரும் தாய்லாந்து முறைச் சரிவுக் கூரையுமாக, தெரியாதவர்கள் புத்த விகாரை என்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள். திராவிடத் தூண்களோடு நிற்கும் கீழக்கரைப் பள்ளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். தொழுகை நேரத்தை ஒட்டிப் போனால் கதவு திறந்திருக்கும்.

வெயில், விசா, ஏமாற்று

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்; நம் அரையாண்டு விடுமுறை அதில் அமைகிறது. ஏப்ரல் கடும் வெயில், அதோடு 13 முதல் 15 வரை சோங்க்ரான் பண்டிகை. தெருவில் நடப்பவர் யாராக இருந்தாலும் தண்ணீர் ஊற்றுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் கனமழை.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் எடுப்பதற்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, மின்வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

டாக்சியில் ஏறும் முன் மீட்டர் போடச் சொல்லுங்கள்; மறுத்தால் அடுத்த வண்டி. அரண்மனை வாசலில் நல்ல உடை அணிந்த ஒருவர் வந்து, “இன்று மூடியிருக்கிறது, இருபது பாத்தில் வேறு இடங்கள் காட்டுகிறேன்” என்று டுக்-டுக் வண்டியைக் கைகாட்டினால் நகர்ந்துவிடுங்கள். அந்த வண்டி கடைசியில் ஒரு ரத்தினக் கடையில்தான் நிற்கும். “அரசாங்கத் தள்ளுபடி, இன்று ஒரு நாள் மட்டும், ஊரில் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம்” என்பார்கள். கல் வாங்கும் எண்ணம் இருந்தால் அத்தொழிலில் இருக்கும் நம் உறவினர் மூலமாக மட்டுமே வாங்குங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். சிக்கல் எதுவானாலும் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள்.