சிலுவை பொறித்த கேடயமும் மனம் கசந்த வாக்காளரும்

1948 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலி நாடெங்கும் காலைத் திருப்பலி முடித்து வெளியே வந்த மக்கள் வாக்குச்சாவடிகளின் முன் வரிசையில் நின்றனர். நாடு தழுவிய தேர்தலில் பெண்கள் வாக்களிக்கத் தொடங்கி ஈராண்டுகளே ஆகியிருந்தன. அவர்கள் கையில் பெற்ற வாக்குச்சீட்டில் ஒரு கேடயம். கேடயத்தில் ஒரு சிலுவை. அதன்மேல் 'விடுதலை' என்று பொருள்படும் இலத்தீன் சொல். அதுவே கிறிஸ்தவ சனநாயகக் கட்சியின் சின்னம். வாக்காளர்களுள் 92 விழுக்காட்டினர் வாக்களித்த அத்தேர்தலில், 48.5 விழுக்காட்டினர் அச்சின்னத்தின்மேல் தம் குறியை இட்டனர். நாடாளுமன்றக் கீழவையில் அக்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைத்தது.

1994 மார்ச் மாதத் தேர்தலில் அக்கட்சியின் வாரிசாக நின்ற அமைப்பு பெற்றது 11.1 விழுக்காடு மட்டுமே. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அதனைப் பகைவர் எவரும் படைகொண்டு அழிக்கவில்லை. கொள்கை எதிரிகளும் அதனைத் தோற்கடிக்கவில்லை. கோயிலுக்குச் செல்வதைப் போன்ற கடமையுணர்வோடு தலைமுறைதோறும் அதற்கு வாக்களித்த எளிய மக்களே அதனைக் கைவிட்டனர். தன் சொந்தக் கட்சியை விட்டு விலகுவது, தன் சொந்த வீட்டின் கதவைத் தானே சாத்திவிட்டு வெளியேறுவதைப் போன்றது. அந்த நிலைக்கு ஒரு நம்பிக்கையுள்ள சமூகம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

தூய தொடக்கம்

இக்கட்சியின் வேர் 1919 சனவரி 18 அன்று ஊன்றப்பட்டது. சிசிலித் தீவின் கல்தாச்சிரோனே ஊரைச் சேர்ந்த லூயிச்சி ஸ்துர்சோ என்னும் குருவானவர், 'உரிமையும் உறுதியும் உள்ள அனைவருக்கும்' என்று அழைப்பு விடுத்து மக்கள் கட்சியைத் தொடங்கினார். அது திருச்சபையின் கட்சியாக இராமல், கிறிஸ்தவ உணர்வு கொண்ட குடிமக்களின் கட்சியாக இருக்கவேண்டும் என்பது அவரது உறுதியான எண்ணம். முசோலினியின் பாசிச ஆட்சி அதனை நசுக்கியது. ஸ்துர்சோ 1924-இல் நாட்டைவிட்டு வெளியேறினார், 1946-இல்தான் திரும்பினார்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே அக்கனவைக் கிறிஸ்தவ சனநாயகக் கட்சியாக மீண்டும் எழுப்பியவர் அல்சீதே தெ காஸ்பெரி. சிறைவாசம் கண்டவர், எளிமையாக வாழ்ந்தவர். 1945 முதல் 1953 வரை தலைமை அமைச்சராக இருந்து, போரில் சிதைந்த நாட்டைக் கட்டியெழுப்பினார். 1952-இல் உரோமை மாநகராட்சித் தேர்தலில் பொதுவுடைமையினரைத் தடுப்பதற்காகப் பாசிசச் சார்பாளருடன் கைகோக்கவேண்டும் என்ற வற்புறுத்தல் எழுந்தது. வத்திக்கான் வட்டாரமே அதனை விரும்பியபோதும் அவர் இணங்கவில்லை. பின்னர்த் தம் திருமண நாளையொட்டித் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரைச் சந்திக்க அவர் விழைந்தபோது அனுமதி மறுக்கப்பட்டது. மனம் நொந்தாலும் அவர் தம் நம்பிக்கையில் தளரவில்லை. அரசியல் நேர்மையிலும் பிசகவில்லை. அவரை இறையடியார் என்று இன்று திருச்சபை அழைக்கிறது.

அச்சமும் சிபாரிசும்

ஆயினும் 1948-இன் வெற்றிக்கு நம்பிக்கை மட்டும் காரணமன்று; அச்சமும் காரணம். கிழக்கு ஐரோப்பாவில் பொதுவுடைமை ஆட்சிகள் திருச்சபையை ஒடுக்கிய காலம் அது. லூயிச்சி ஜெத்தா அமைத்த குடிமைக் குழுக்கள் பங்குதோறும் வாக்குச் சேகரித்தன. 1949-இல் பொதுவுடைமைக் கொள்கையை ஏற்று அறிக்கையிடுவோர் திருச்சபையினின்று விலக்கப்படுவர் என்ற ஆணை வெளிவந்தது. அச்சம் பொய்யன்று. ஆனால், அச்சத்தால் கிடைக்கும் வாக்கில் ஓர் ஆபத்து உண்டு. 'நான் நன்மை செய்தேனா?' என்று கட்சி தன்னையே கேட்கவேண்டிய தேவை இல்லாமற் போகிறது. 'மற்றவன் வந்தால் என்ன ஆகும்?' என்று கேட்டாலே போதும் என்றாகிவிடுகிறது. 1976-இல் இந்திரோ மொந்தனெல்லி என்னும் புகழ்பெற்ற இதழாளர், மூக்கைப் பொத்திக்கொண்டாவது இக்கட்சிக்கே வாக்களியுங்கள் என்று தம் வாசகரை வேண்டினார். நாற்றம் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அந்த நாற்றம் எங்கிருந்து எழுந்தது? 1950-இல் வந்த நிலச்சீர்திருத்தமும், வறிய தென்னித்தாலிக்கென அமைக்கப்பட்ட பெருநிதியும் நற்செயல்களே. ஆனால் காலப்போக்கில் அரசின் உதவி ஏழையின் உரிமையாக இராமல் கட்சிக்காரரின் தயவாக மாறியது. அஞ்சலகத்தில் வேலையா? ஊனமுற்றோர் ஓய்வூதியமா? மருத்துவமனையில் படுக்கையா? ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். அதற்குக் கைம்மாறு, குடும்பத்தின் வாக்குகள். ஒரே கட்சிப் பட்டியலில் மூன்று அல்லது நான்கு வேட்பாளர்களைத் தனித்தனியே குறிப்பிடும் முறை அங்கு இருந்தது. எந்தப் பெயர்களை எந்த வரிசையில் எழுதவேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் வெவ்வேறாகச் சொல்லிவைத்தால், எண்ணும்போது யார் வாக்களித்தார், யார் ஏய்த்தார் என்பது தரகருக்குத் தெரிந்துவிடும். மறைவான வாக்கு மறைவாக இல்லை. கட்சிக்குள்ளே இருந்த குழுக்கள் தம் வலிமையைக் காட்ட, இறந்தவர் பெயரிலும் உறுப்பினர் அட்டைகள் எடுத்தன.

முதுமையில் இதைக் கண்ட ஸ்துர்சோ வாளாவிருக்கவில்லை. எல்லாவற்றிலும் அரசின் கை நுழைதல், கட்சிகளே நாட்டை ஆளும் நிலை, பொதுப் பணத்தை வீணடித்தல் ஆகிய மூன்றையும் கொடிய தீமைகள் என்று கண்டித்து எழுதினார். 1959-இல் அவர் மறைந்தார். அவரது எச்சரிக்கையை அவர் வழிவந்தோரே பொருட்படுத்தவில்லை.

1980 நவம்பர் 23 மாலை, இர்ப்பினியா நிலநடுக்கம் 3,000 பேருக்கு நெருக்கமானவர்களைப் பலிகொண்டது. பல்வானோ ஊரில் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோதே கோயில் இடிந்து, சிறுவர் பலர் மாண்டனர். உலகம் கண்ணீர் வடித்தது. ஆனால் மறுசீரமைப்புக்கு ஒதுக்கப்பட்ட பெரும் பணம் எங்கெங்கோ சென்றது. பத்தாண்டுகள் கழித்தும் தகரக் குடில்களில் மக்கள் வாழ்ந்தனர். அந்த முறைகேட்டை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் ஒஸ்கார் லூயிச்சி ஸ்கல்ஃபரோவும் அதே கட்சிக்காரரே.

மனச்சான்று விழித்த வேளை

ஏமாற்றம் ஒரே நாளில் பிறப்பதில்லை. 1969-இலேயே கத்தோலிக்கத் தொழிலாளர் சங்கம், இனித் தன் உறுப்பினர் இக்கட்சிக்கே வாக்களிக்கவேண்டும் என்னும் கட்டு இல்லை என்று தூரின் மாநாட்டில் முடிவு செய்தது. 1971-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், ஒரே நம்பிக்கை கொண்ட கிறிஸ்தவர் வெவ்வேறு அரசியல் வழிகளைத் தேர்ந்துகொள்ள இயலும் என்று தம் திருத்தூது மடலில் எழுதினார். திருச்சபை எந்த அரசியல் அமைப்புடனும் பிணைக்கப்பட்டதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் முன்னரே கற்பித்திருந்தது.

கட்சிக்குள்ளும் நீதிமான்கள் இல்லாமலில்லை. சிசிலி மாநில ஆட்சித் தலைவராக இருந்து, மாஃபியாக் கும்பலின் பிடியிலிருந்து அரசுப் பணிகளை மீட்க முயன்ற பியர்சாந்தி மத்தரெல்லா, 1980 சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று திருப்பலிக்குப் புறப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அதே தீவில், அதே கட்சியில், மாஃபியாவோடு உறவு கொண்டவர் என்று பெயரெடுத்த சால்வோ லீமாவும் செல்வாக்கோடு இருந்தார். ஒரே கேடயத்தின் நிழலில் இருவரும் நின்றனர். வாக்காளரின் மனத்தைக் குத்திய முள் இதுவே: தான் இட்ட குறி எவருடைய கையை வலுப்படுத்துகிறது?

கேடயம் விழுந்தது

1989-இல் பெர்லின் சுவர் இடிந்தது. பழைய அச்சம் அகன்றது. மூக்கைப் பொத்திய கை இறங்கியது. 1991 சூனில், பல பெயர் குறிக்கும் முறையை ஒழிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. சோசலிசக் கட்சித் தலைவர் பெத்தினோ கிராக்சி, வாக்களிக்காமல் கடற்கரைக்குச் செல்லுங்கள் என்று கேலி செய்தார். மக்களோ 62 விழுக்காட்டுக்கு மேல் திரண்டு வந்து, ஏறக்குறைய ஒருமுகமாக அம்முறையை ஒழித்தனர். தரகரின் சாவி பறிபோயிற்று.

1992 பிப்ரவரி 17 அன்று மிலான் நகர முதியோர் இல்லம் ஒன்றின் தலைவர், துப்புரவு ஒப்பந்தக்காரரிடம் எழுபது இலட்சம் லீரா இலஞ்சம் வாங்கும்போது கைதானார். அவர் சோசலிசக் கட்சியினர். எனினும் அந்த நூலைப் பற்றி இழுத்த நீதித்துறையினர் முன் ஆளும் கட்சிகள் அனைத்தின் கணக்கும் அவிழ்ந்தது. ஏப்ரல் தேர்தலில் கிறிஸ்தவ சனநாயகக் கட்சி வரலாற்றில் முதன்முறையாக 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, 29.7 பெற்றது. பக்தி மிகுந்த வெனெத்தோ வட்டாரத்திலேயே பழைய ஆதரவாளர் பலர் வட்டாரக் கட்சியை நாடினர்.

1993 ஏப்ரல் 18 மீண்டும் ஒரு ஞாயிறு. முதல் பெருவெற்றிக்குச் சரியாக 45 ஆண்டுகள். அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், கட்சிகளுக்கு அரசு பணம் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்று 90 விழுக்காட்டினர் கூறினர். அன்று வரிசையில் நின்ற பாட்டிமாருள், 1948-இல் சிலுவைக் கேடயத்துக்கு வாக்களித்த இளந்தாய்மாரும் இருந்திருப்பர். 1994 சனவரி 18, ஸ்துர்சோ அழைப்பு விடுத்து 75 ஆண்டுகள் நிறைந்த நாளில், கட்சி தன் பெயரைக் களைந்து பழைய 'மக்கள் கட்சி' என்னும் பெயரைப் பூண்டது. காலம் கடந்துவிட்டது.

கசப்புக்குப் பின்

விலகிய வாக்காளர் எங்கே சென்றனர்? சில மாதங்களுக்கு முன் எழுந்த, பெருஞ்செல்வர் சில்வியோ பெர்லுஸ்கோனியின் புதுக்கட்சி 1994-இல் 21 விழுக்காடு பெற்று முதலிடம் பிடித்தது. அதன் தலைவரும் பின்னர் வழக்குகளில் சிக்கியதை நாடு கண்டது. கசந்த மனம் தானாகவே நல்லதைத் தேர்ந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. வெறுப்பினால் எழுந்தவர் அடுத்த கவர்ச்சியில் விழுவதும் உண்டு.

மனம் கசந்த இத்தாலியர் கட்சியை மட்டுமே குற்றம் சாட்டியிருந்தால் அது பாதி உண்மையே. சிபாரிசுக் கடிதம் கொடுத்த கை ஒன்று இருந்தால், அதனை வாங்கிய கையும் ஒன்று இருந்தது. தன் மகனுக்கு வேலை கிடைத்தபோது கேள்வி கேளாதவர், ஊர்ப் பணம் களவுபோனபோது மட்டும் வியப்பது எப்படி? கசப்பு நம்மையும் சேர்த்துச் சோதிக்கும்போதுதான் அது மனமாற்றத்தின் தொடக்கமாகிறது. ஒரு கட்சி தன் கொடியில் சிலுவையைப் பொறித்துக்கொள்ளலாம். அதனால் அதன் செயல்கள் தூய்மை அடைவதில்லை. தெ காஸ்பெரி இதனை அறிந்திருந்தார். திருத்தந்தையை நேசித்த அவரே, மனச்சான்றின்படி தனித்து நிற்கவும் துணிந்தார். அந்தத் துணிவில் ஒரு சிறு பங்கை ஒவ்வொரு வாக்காளரும் ஆண்டுதோறும் காட்டியிருந்தால், கேடயம் ஒருவேளை விழுந்திராது.