மும்பையின் சிறந்த பள்ளி வீரர் யார்? மாறிப்போன அளவுகோலின் வரலாறு

1987இல் பம்பாய் கிரிக்கெட் சங்கத்தின் சிறந்த இளையோர் வீரர் விருது சச்சின் டெண்டுல்கருக்குக் கிடைக்கவில்லை. பையன் வாடிப்போனான். சுனில் கவாஸ்கர் அவனுக்குக் கடிதம் எழுதித் தேற்றினார். முன்பு இந்த விருதை வாங்கியவர்களின் பட்டியலில் ஒருவர் பெயர் இருக்காது, அவர் ஒன்றும் டெஸ்ட் ஆட்டத்தில் சோடை போய்விடவில்லை என்பது அதன் சாரம். அந்த ஒருவர் கவாஸ்கரேதான். வேடிக்கை என்னவென்றால், 1966இல் நாட்டின் சிறந்த பள்ளி வீரராகத் தேர்வானவரும் அவரே. நாடு கொடுத்ததை ஊர் கொடுக்கவில்லை.

மும்பையின் தலைசிறந்த பள்ளி வீரர் யார் என்ற விவாதம் மாட்டுங்காவிலும் தாதரிலும் ஓயாததற்கு வீரர்கள் ஏராளம் என்பது மட்டும் காரணமில்லை. அளக்கும் கோலே நடுவில் மாறிவிட்டது. எந்தப் பருவத்தில் என்றுகூடச் சொல்லலாம்: 1987-88.

1890 முதல் 1895 வரை பம்பாய் ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபுவின் பெயரில் நடப்பது ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டி. அதைவிட இளையவர்களுக்குக் கைல்ஸ் ஷீல்டு. இரண்டும் நூற்றாண்டைத் தாண்டியவை. இவற்றில் ஆடும் பையனுக்கு மேலே ஏற ஒரு படியும் இருந்தது. 1945-46இல் தொடங்கிய கூச் பிகார் கோப்பை அப்போது அகில இந்தியப் பள்ளி அணிகளுக்கான போட்டி. ஆகவே தேர்வாளர்கள் பள்ளி ஆட்டத்தையே நேரில் உட்கார்ந்து பார்த்தார்கள். புனித சேவியர் பள்ளியின் கடைசி ஆண்டில் கவாஸ்கர் 246, 222, 85 என்று அடித்ததோடு, இங்கே வந்த லண்டன் பள்ளி அணிக்கு எதிராகவும் சதம் கண்டார். எண்கள் பெரியவைதாம். ஆனால் அவற்றுக்கு மேலே ஒரு நடுவர் குழுவின் தீர்ப்பும் இருந்தது.

அந்தக் காலத்து மதிப்பீட்டுக்கு நல்ல சான்று மாட்டுங்கா டான் போஸ்கோ பள்ளி. 1976இல் கைல்ஸ் ஷீல்டு இறுதிவரை போய் செயின்ட் மேரிஸ் பள்ளியிடம் தோற்றது. மறு ஆண்டு ரவி சாஸ்திரி தலைமையில் கோப்பையை வென்றது. பள்ளி வரலாற்றில் அதுவே முதல்முறை. அந்தப் பருவத்தில் சாஸ்திரி எத்தனை ரன் எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. தோற்ற அணியைத் தூக்கி நிறுத்திய தலைவன் என்பதே பேச்சு. மாட்டுங்கா போதார் கல்லூரிக்குப் போன அவர் 1981இல், பதினெட்டு வயதில், வெலிங்டனில் இந்திய அணிக்காக இடதுகைச் சுழல் வீசினார்.

1987-88இல் கூச் பிகார் கோப்பை பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் போட்டியாக மாறியது. பள்ளியின் பெயர் படியிலிருந்து கழன்றுகொண்டது. அதே பருவத்தில், 1988 பிப்ரவரியில், ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி. சாரதாஷ்ரம் வித்யாமந்திரின் சச்சினும் வினோத் காம்ப்ளியும் புனித சேவியர் பள்ளிக்கு எதிராகப் பிரியாமல் 664 ரன் சேர்த்தார்கள். டிக்ளேர் செய்யச் சொல்லி எல்லைக்கோட்டில் நின்று உதவிப் பயிற்சியாளர் கத்தினார்; இருவரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. உணவு இடைவேளையில் சச்சின் பயிற்சியாளர் ரமாகாந்த் ஆச்ரேக்கருக்குத் தொலைபேசியில் பேச, அங்கிருந்தும் அதே உத்தரவு. காம்ப்ளி 349இல் நிற்கிறார். ஒரே ஒரு ரன் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். முடியாது என்றார் ஆச்ரேக்கர். சச்சின் 326. ஸ்கோர் 748க்கு 2.

விருதுக் குழு கொடுக்காததை ஸ்கோர் அட்டை கொடுத்துவிட்டது. ஆனால் அட்டையை முழுசாகப் படிப்பவர் குறைவு. எதிரணியில் 182 ரன் கொடுத்து ஒரு விக்கெட்டும் கிடைக்காமல் திரும்பிய லெக் ஸ்பின்னர் சாய்ராஜ் பஹுதுலே. பின்னாளில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர். முதல்தர ஆட்டங்களில் அறுநூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தியவர். பள்ளி வயது எண்களை வைத்து ஒருவரை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவரே போதும்.

பிறகு எண்களுக்குப் பஞ்சமில்லை. ரிஸ்வி ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியிலிருந்து மட்டுமே 2009இல் சர்ஃபராஸ் கான் 439, 2010இல் அர்மான் ஜாஃபர் 498, 2013 நவம்பரில் பிரித்வி ஷா 546. பிரித்வி ஆடியது சச்சின் ஓய்வுபெற்ற அதே வாரத்தில் என்பதால் வாரிசுப் பட்டமும் ஒட்டிக்கொண்டது. 2016 ஜனவரியில் கல்யாணில் பிரணவ் தனவாடே ஆட்டமிழக்காமல் 1009. அணியின் ஸ்கோர் 1465க்கு 3. எதிரணி இரண்டு இன்னிங்ஸில் எடுத்தது 31, 52. இது சாதனை என்பதில் சந்தேகமில்லை. போட்டியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். 1987க்கு முன்பு தேர்வாளர் கண்ணுக்குப் பட ஒரு நல்ல சதம் போதும். அந்தக் கண் பள்ளி மைதானத்தைவிட்டு அகன்றபின், நாளிதழில் இடம்பிடிக்க ஐந்நூறு தேவைப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

இந்த ரன் குவிப்புப் போட்டியில் சேராமலும் மேலே வந்தவர்கள் உண்டு. செம்பூரில் பிறந்து அதே டான் போஸ்கோவில் படித்த ஷ்ரேயஸ் ஐயரின் பெயரை யாரும் பள்ளிச் சாதனைப் பட்டியலில் தேடுவதில்லை. 2015-16 ரஞ்சிப் பருவத்தில் 1321 ரன் எடுத்து மும்பைக்குக் கோப்பை வாங்கித் தந்தார். தாராவி சந்துகளில் பையன்களோடு ஆடி வளர்ந்த சிம்ரன் ஷேக்குக்கு, பையன்களுக்கான ஹாரிஸ் ஷீல்டின் வாசலே கிடையாது. 2024 டிசம்பரில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் குஜராத் ஜயன்ட்ஸ் அவரை 1.90 கோடிக்கு எடுத்தது; அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். பள்ளி விருதுகளை மட்டும் வைத்து மும்பையின் வரலாற்றை எழுதினால் இவ்விருவரும் விடுபட்டுப்போவார்கள்.

வாக்களித்தே ஆக வேண்டும் என்றால், ஒரு பருவத்துக்கு 1977இன் சாஸ்திரி. ஒரே ஆட்டத்துக்கு, 2015இல் கைல்ஸ் ஷீல்டில் 319 ரன் அடித்துவிட்டு 99 ரன்னுக்கு 13 விக்கெட்டும் சாய்த்த யஷஸ்வி ஜெய்ஸ்வால். சச்சின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். 1988 ஆட்டத்திலேயே அவரைவிட 23 ரன் கூடுதலாக அடித்து, 37 ரன்னுக்கு ஆறு விக்கெட்டும் எடுத்தவர் காம்ப்ளி.