சவேரியாரின் வெள்ளிப் பேழை

பழைய கோவாவின் போம் இயேசு பேராலயத்தில், பளிங்கு மேடையின்மீது ஒரு வெள்ளிப் பேழை திகழ்கின்றது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடலைத் தாங்கும் அதனைக் கோவாக் கம்மியர் 1636-37ஆம் ஆண்டுகளில் சமைத்தனர். மேடையோ தஸ்கனிக் கோமகன் மூன்றாம் கோசிமோவின் கொடை.

1542இல் முத்துக்குளித்துறை வந்த சவேரியார், இருமொழி அறிந்தோர் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, தாமும் மனனம் செய்து, பரதவ மக்களுக்குக் கற்பித்தார். 1552 டிசம்பர் 3இல் சீனக் கரையருகே சான்சியன் தீவில் உயிர் நீத்தார். உடல் மலாக்கா வழியாக 1554இல் கோவா சேர்ந்தது. 1614இல் வலது முன்கை துணிக்கப்பெற்று உரோமை சென்றது. எண்ணற்றோர்க்குத் திருமுழுக்கு அளித்த கை என்று அங்கு அது போற்றப்படுகின்றது.

அன்பே உடலைக் கூறுபடுத்தியதோ என நாம் திகைக்கின்றோம். 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருப்பண்ட வணக்கத்தை ஏற்றது. ஆயினும் அதில் மூடநம்பிக்கையும் இழிந்த ஆதாயமும் புகாமல் விலக்கவும் பணித்தது. வணக்கம் எலும்புக்கன்று, அதனைத் தாங்கிய வாழ்வுக்கே என்பது அதன் உட்கிடை.

2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை நிகழ்ந்த திருவுடற் காட்சிக்குப் பல நாட்டினரும் திரண்டனர். அயல்மொழி நிலத்தில் வாழும் நமக்கோ, பேழையினும் பெரிதாய்த் தோன்றுவது வேறொன்று: தமக்கு வாராத தமிழை மனனம் செய்தேனும் மக்களிடம் அவர்தம் மொழியிலேயே பேச முயன்ற உள்ளம். திருப்பண்டம் பகிரப் பகிரச் சிறுக்கும். அவர் பகிர்ந்த சொல் சிறுக்கவில்லை.